கோல் கணக்கில் வராதவர்கள்

1950 மார்ச் 18. இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் உள்ளூர் கால்பந்து அணி பிரிஸ்டல் ரோவர்ஸுடன் ஆடிக்கொண்டிருந்தது. முதல் பாதியின் மந்தமான தாக்குதல்களைப் பார்த்துச் சலித்துப்போனார் சார்லஸ் ரீப். விமானப்படையில் கணக்குப் பிரிவு அதிகாரி. இடைவேளை முடிந்ததும் நோட்டும் பென்சிலும் எடுத்து, ஒவ்வொரு தாக்குதலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 1968இல் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினுடன் சேர்ந்து, நூற்றுக்கணக்கான ஆட்டங்களை அலசி ஆய்வுக் கட்டுரை எழுதினார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன என்றது கணக்கு. பந்தை நீளமாக உதைத்து முன்னே அனுப்புங்கள் என்றார் ரீப். ஆனால், ஆட்டத்தில் பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் முறிந்துவிடுபவை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. பாஸ் கொடுத்தவர் யார் என்பதிலும் அவருக்கு அக்கறை குறைவு.

ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தது சோவியத் நாட்டின் கீவ் நகரம். 1970களில் டைனமோ கீவ் பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி, அறிவியலாளர் அனடோலி செலன்ட்சோவுடன் கைகோத்தார். யார் எத்தனை முறை பந்துக்குப் போராடினார், எத்தனை முறை தவறினார் என எல்லாம் எண்ணப்பட்டன. தவறுகள் 18 சதவீதத்தைத் தாண்டாத அணியை வெல்ல முடியாது என்பது செலன்ட்சோவின் கணிப்பு. 1975இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை கீவுக்கு வந்தது.

1996இல் ஆப்டா நிறுவனம் இந்த எண்ணும் வேலையைத் தொழிலாகவே தொடங்கியது. எண்கள் பெருகின, குழப்பமும் பெருகியது. 2001இல் மான்செஸ்டர் யுனைடெட் தன் தற்காப்பு ஆட்டக்காரர் யாப் ஸ்டாமை லாசியோவுக்கு விற்றது. அவருடைய டேக்கிள் எண்ணிக்கை குறைந்ததும் ஒரு காரணம் என்ற பேச்சு உண்டு. சரியான இடத்தில் நிற்பவருக்குக் காலை நீட்டிப் பந்தைப் பறிக்கும் தேவையே அதிகம் வராது. அவரை விற்றது தவறு என்று மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

2003இல் ரியல் மாட்ரிட் டேவிட் பெக்கமை வாங்கியது. அதே கோடையில் நடுக்களத்தைக் காத்த குளோட் மக்கலேலேவைச் செல்சீக்கு விட்டுக்கொடுத்தது. கோல் அடிப்பது அவர் வேலையல்ல. 2004–05 இங்கிலாந்து லீக்கில் செல்சீ 38 ஆட்டங்களில் வாங்கியது 15 கோல்தான். மாட்ரிட்டுக்கு அடுத்த லீக் பட்டம் 2007 வரை கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவர்களின் உழைப்பு கணக்கில் விழாத ஓட்டையை அடைக்க ஜெர்மனியிலிருந்து ஒரு யோசனை வந்தது. ஸ்டெஃபான் ரைனார்ட்ஸும் யென்ஸ் ஹெகலரும் நடுக்கள ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள். ஒரு பாஸ் எத்தனை எதிராளிகளைத் தாண்டிச் செல்கிறது என்று எண்ணும் ‘பேக்கிங்’ முறையை அவர்கள் உருவாக்கினார்கள். 2016 யூரோ போட்டியில் ஜெர்மன் தொலைக்காட்சி அதைப் பயன்படுத்தியது. கோலும் அசிஸ்டும் அதிகம் இல்லாத டோனி குரூஸ் போன்றவரின் உழைப்பு அதில் தெரிந்தது.

2019இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். பாஸ், டிரிப்ளிங், டேக்கிள் என ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் கோல் அடிக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடியது, கோல் வாங்கும் ஆபத்து எவ்வளவு குறைந்தது என்று கணித்து ஆட்டக்காரரை மதிப்பிட்டார்கள்.

இவையெல்லாம் பந்தைத் தொட்டவரின் கணக்கு. 90 நிமிடத்தில் ஓர் ஆட்டக்காரரிடம் பந்து இருப்பதோ சில நிமிடங்கள்தான். மற்ற நேரத்தையும் அளக்க, லிவர்பூல் அணி துகள் இயற்பியல் படித்த வில்லியம் ஸ்பியர்மேனை வேலைக்கு எடுத்தது. நொடிக்கு 25 முறை கேமரா பதியும் 22 பேரின் நிலைகளிலிருந்து, மைதானத்தின் எந்தப் பகுதி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கணிப்பது அவருடைய முறை. இத்தகைய தரவுகளைக் கிளப்புகள் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. மறுநாள் பத்திரிகைப் பட்டியலில் இன்றும் முதலில் வருபவை கோலும் அசிஸ்டும்தான்.