எஸ்.பி. முஹம்மது இக்பால்: ஸ்ரீபெரும்புதூர் மறந்துவரும் ஒரு காவல் அதிகாரி

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவரிடம் ராஜீவ் காந்தி கொலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தனு, சிவராசன், நளினி, முருகன், பேரறிவாளன் என்று பெயர்களைத் தடையில்லாமல் சொல்வார். அந்தக் குண்டு வெடித்தபோது பாதுகாப்புப் பணியில் நின்று இறந்த காவலர்கள் யார் என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அப்படி இறந்தவர்களில் ஒரு காவல் கண்காணிப்பாளரும் இருந்தார், அவர் பெயர் முஹம்மது இக்பால் என்று சொன்னால், நம் சமுதாயத்துப் பிள்ளைகளே "அப்படியா ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நிகழ்வு நடந்தபோது அவர்களில் பலர் பிறக்கவே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் தொழிற்பூங்காக்கள் அதற்கும் பிறகு வந்தவை. இன்று இந்தச் சாலைகளில் ஷிப்டு பேருந்துகளில் போய்வருபவர்களில் தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். ஊரில் ஜனத்தொகை பெருகியது. ஆனால் 1991ஐக் கண்ணால் கண்டவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

எனவே நடந்ததை முதலில் சுருக்கமாகப் பதிவு செய்கிறோம்.

1991 மே 21, செவ்வாய்க்கிழமை. ஹிஜ்ரி 1411, துல்கஅதா மாதம். நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறையில் இருந்தது. காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகரை ஆதரித்துப் பேச ராஜீவ் காந்தி விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கம் வந்து, அங்கிருந்து சாலை வழியாக ஸ்ரீபெரும்புதூர் வந்தார். இந்திரா காந்தி சிலைக்கு மாலை போட்டுவிட்டுக் கூட்டத் திடலுக்குள் நடந்தார். இரவு சுமார் 10.20 மணி. மாலையோடு வந்த தனு காலைத் தொடுவதுபோல் குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தாள்.

1999 மே 11 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இழப்பைக் கணக்கிட்டிருக்கிறது. ராஜீவ் காந்தியோடு 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் காவல்துறையினர். 43 பேர் காயமடைந்தார்கள். குண்டைக் கட்டி வந்த தனுவும், படமெடுக்க ஏற்பாடு செய்யப்பட்ட ஹரிபாபுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்த 9 பேரில் பதவியில் மூத்தவர்களில் ஒருவர் காவல் கண்காணிப்பாளர் கே.எஸ். முஹம்மது இக்பால். அவரோடு ஆய்வாளர்கள் ராஜகுரு, எட்வர்ட் ஜோசப், உதவி ஆய்வாளர் எத்திராஜ், பெண் காவலர் சந்திரா, காவலர் தர்மன், கமாண்டோ காவலர் ரவி, ராஜீவின் பாதுகாப்பு அதிகாரி பிரதீப் குப்தா ஆகியோரும் இறந்தார்கள். இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து, ஆண், பெண், தமிழர், வடநாட்டவர் எல்லாரும் சில அடி தூரத்துக்குள் நின்று இறந்திருக்கிறார்கள். பொதுமக்களில் இறந்தவர்களில் மகளிர் காங்கிரஸைச் சேர்ந்த சந்தானி பேகம், லதா கண்ணன், ராஜீவ் முன் கவிதை சொன்ன லதாவின் சிறு மகள் கோகிலவாணி ஆகியோரும் உண்டு.

ஒரு கண்காணிப்பாளருக்கு அன்று என்ன வேலை இருந்தது என்பதை இளைய தலைமுறை விளங்கிக்கொள்ள வேண்டும். பிரதமர்களைக் காக்க உருவான எஸ்.பி.ஜி. படைக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி பதவியில் இருக்கும் பிரதமரைக் காப்பதுதான் பொறுப்பு. 1989 இறுதியில் ராஜீவ் பதவி இழந்ததும் அந்தப் படை விலகியது. முன்னாள் பிரதமர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது இந்தக் கொலைக்குப் பிறகுதான். ஆகவே அந்த இரவில் பாரம் பெரும்பாலும் மாநிலக் காவல்துறையின் தோளில் இருந்தது. கூட்டமோ தேர்தல் கூட்டம். தலைவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று முண்டியடிக்கும் தொண்டர்கள், கிட்டே வருவோரைத் தள்ள விரும்பாத தலைவர், கடைசி நேரத்தில் நீளும் வரவேற்போர் பட்டியல். இதற்கு நடுவே லத்தியும் உடலும் மட்டுமே வேலி.

உதவி ஆய்வாளர் அனுசுயா டெய்சி எர்னஸ்ட், தனுவை நெருங்கவிடாமல் தடுக்க முயன்றவர். படுகாயத்தோடு உயிர் தப்பினார். பாதுகாப்பில் நேர்ந்த குறைகளை ஆராய்ந்த நீதிபதி வர்மா ஆணையம் மத்திய அமைப்புகள், மாநிலக் காவல்துறை, கட்சியினர் என்று பல தரப்பிலும் பிழை கண்டது. "போலீஸ் கோட்டை விட்டது" என்று ஒரே வரியில் பேசிவிடுவது எளிது. எந்த ஏற்பாட்டில் ஓட்டை இருந்தாலும், அதன் முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் அந்த 9 பேர். அவர்கள் விலகி நிற்கவில்லை. இந்த உண்மையை எந்த ஆணையத்தின் அறிக்கையும் மாற்றாது.

இனி நினைவு எப்படிக் காக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம்.

கொலைகாரர்களின் நினைவு மிக நன்றாகவே காக்கப்பட்டிருக்கிறது. இறந்துகிடந்த ஹரிபாபுவின் கேமராவில் கிடைத்த 10 படங்கள்தான் புலனாய்வின் முதல் துப்பு. அவை பத்திரிகைகளில் வந்தன, இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. 'குற்றப்பத்திரிகை' பல ஆண்டுத் தடைக்குப் பின் 2007இல் திரைக்கு வந்தது. 2013இல் 'மெட்ராஸ் கஃபே' வந்தது. சதி எப்படி நடந்தது, யார் எங்கே ஒளிந்தார்கள், எப்படிப் பிடிபட்டார்கள் என்பதுதான் இவ்வகைப் படைப்புகளுக்குச் சுவை. காவலர்கள் அவற்றில் புகைக்குள் விழும் காக்கிச் சட்டைகள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ராஜீவ் நினைவிடத்தை 2003 அக்டோபர் 10 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். அது ஒரு தலைவருக்கான நினைவிடம். வருவோர் அவரைத்தான் தேடி வருகிறார்கள், அதில் தவறில்லை. ஆண்டுதோறும் மே 21 அன்று அரசு அலுவலகங்களில் பயங்கரவாத எதிர்ப்பு நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். அக்டோபர் 21 அன்று காவலர் வீரவணக்க நாள். 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையால் கொல்லப்பட்ட 10 காவலர்களின் நினைவாக வந்த நாள் அது. டெல்லியில் 2018இல் திறக்கப்பட்ட தேசியக் காவலர் நினைவுச் சின்னத்தின் சுவரில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அரசு மரியாதை அவசியம்தான். ஆனால் இத்தனை ஆயிரம் பெயர்களுக்கு நடுவே ஒருவரின் வாழ்க்கை தெரிவதில்லை.

ஒரு சம்பவம் மட்டும் வேறு மாதிரி. அன்று காஞ்சிபுரத்தில் உதவிக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் அந்த வெடிப்பில் காயமடைந்தார். ரத்தக் கறை படிந்த அவருடைய தொப்பியும் பெயர்ப் பட்டையும் வழக்கின் சான்றுப் பொருள்களாக நீதிமன்றத்துக்குப் போயின. 30 ஆண்டுகள் கழித்து, டி.ஜி.பி. நிலையில் 2021 செப்டம்பர் 30 அன்று ஓய்வுபெறும் நேரத்தில், அந்தக் கடைசி நாளில் அதே தொப்பியையும் பட்டையையும் அணிய வேண்டும் என்று சென்னை நீதிமன்றத்தில் மனு போட்டார். 1 லட்சம் ரூபாய் பிணைப்பத்திரத்தின் பேரில், திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் அனுமதித்தது. அணிந்தே ஓய்வுபெற்றார்.

தன் தொப்பியை ஒரு மனிதர் கடனாக வாங்கிப் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. அதைவிடக் கனமான ஒன்று உண்டு. உயிரோடு இருந்தவர் மனு போட்டார், அதனால் நாடு ஒரு நாள் அந்தத் தொப்பியைப் பார்த்தது. இறந்தவர்களுக்காக மனு போட யார் இருக்கிறார்கள்?

குடும்பங்கள் இருந்தன. குற்றவாளிகளின் விடுதலையை எதிர்த்து, இறந்தோர் குடும்பத்தார் சிலர் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அந்த மனு 2019 மே மாதம் தள்ளுபடியானது. 2022 மே 18 அன்று பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். விடுதலை சரியா தவறா என்பதில் நம் சமுதாயத்திலும் இரு கருத்து உண்டு. நீண்ட சிறைவாசத்தின் கொடுமையை அறிந்த சமுதாயம் இது. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மேடை போட்டவர்களில் பலர், இறந்த காவலர்களின் பெயரைச் சொல்வதே விடுதலைக்கு எதிரான அரசியல் என்பதுபோல் ஒதுக்கினார்கள். எதிர்த்தரப்பில் இருந்தவர்களோ விவாதம் சூடாகும்போது மட்டும் அந்தப் பெயர்களை எடுத்தார்கள், ஆறியதும் வைத்துவிட்டார்கள். மர்ஹூம் இக்பாலை நினைவுகூர எவரும் சிறையில் இருக்க வேண்டியதில்லை, எவரும் விடுதலையாக வேண்டியதும் இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. எங்காவது முஸ்லிம்களின் நாட்டுப்பற்றைச் சந்தேகித்து ஒரு பேச்சு எழுந்தால், உடனே வாட்ஸ்அப்பில் தியாகிகள் பட்டியல் ஒன்று சுற்றும். அதில் இக்பாலின் பெயரையும் சேர்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம் என்பது நம் கருத்து. அவர் எவருக்கும் நிரூபிப்பதற்காக அங்கே நிற்கவில்லை. அது அவருடைய வேலை, அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவரை ஒரு நற்சான்றிதழாகச் சுருக்குவது அவருக்கு நாம் செய்யும் அநீதி.

"ஷஹீத் என்று சொல்லலாமா?" என்றும் கேட்பார்கள். அந்தப் பதவியைக் கொடுப்பவன் அல்லாஹ். நாம் மர்ஹூம் என்று சொல்லி துஆ செய்வோம். சிலையோ படத்திறப்போ நம் வழி அல்ல. ஒரு நூலகம், ஒரு கல்வி உதவித்தொகை, மஹல்லாவில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு என்று அவர் பெயரால் நடக்கட்டும். நன்மை அவருக்கும் போய்ச் சேரும், பெயரும் நிற்கும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது தகவல் சேகரிப்பு. மதரஸாவில் அஸ்மாவுர் ரிஜால் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இப்னு ஸஅத் (ரஹ்) தம் 'தபகாத்' நூலில் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கையைத் தொகுத்தபோது, யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலியை விடவில்லை. அதே ஒழுங்கு நமக்கும் வேண்டும். சொன்னவர் பெயர், அன்று அவர் எங்கே நின்றார், தாமே கண்டாரா கேட்டாரா, என்றைக்குச் சொன்னார் என்று எழுத வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு கதையைச் சேர்க்கக் கூடாது. நல்லவர் ஒருவரைப் பற்றிய பொய்யும் பொய்தான்.

ஆவணங்கள் எட்டாத இடத்தில் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாட்சிகள் சொன்னவை அதில் விரிவாக வருகின்றன. 1991 மே, ஜூன் மாத நாளிதழ்களைத் தேட எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலிருந்து தொடங்கலாம். எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021 முதல் தமிழ்நாடு காவல் அருங்காட்சியகம் இயங்குகிறது. பிள்ளைகளை ஒரு விடுமுறையில் அழைத்துச் செல்லுங்கள். அந்த 9 பேரைப் பற்றித் தனிப் பகுதி வேண்டும் என்று ஜமாஅத் சார்பில் காவல்துறைக்கு ஒரு கடிதமும் எழுதலாம்.

அவருடைய பணி விவரங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் உதவும். 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதி, சட்டத்தின் 8(3) பிரிவைக் குறிப்பிடுங்கள். 20 ஆண்டுகளுக்கு முன் நடந்தவை பற்றிய தகவலை, சில விதிவிலக்குகள் தவிர, மறுக்க முடியாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. எங்கெங்கே பணியாற்றினார், எப்போது பதவி உயர்ந்தார், என்ன விருதுகள் பெற்றார் என்று கேளுங்கள். குடும்பத்தாரைத் தொடர்பு கொள்வதாக இருந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் அனுமதி கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும் செல்ல வேண்டும். மைக்கோடு வீட்டு வாசலில் போய் நிற்பது அதபு அல்ல.

இதில் அவசரமானது மனிதர்களிடம் கேட்பதுதான். அன்று 25 வயதில் பந்தோபஸ்துக்கு வந்த காவலருக்கு இப்போது 60 வயது, ஓய்வுபெறும் வயது. நாற்பதில் இருந்தவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பகுதிகளில் ஓய்வுபெற்ற காவலர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் தேடிப் போங்கள். இக்பாலைப் பற்றி மட்டும் கேட்காமல் ராஜகுரு, எட்வர்ட் ஜோசப், சந்திரா பற்றியும் கேட்டு எழுதுங்கள். அந்த இரவைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். "எஸ்.பி. ஐயா ஸ்டேஷனுக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பார்?" என்று தொடங்குங்கள்.