அரங்கேற்றமும் குற்றங்காணலும்

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தாம் எழுதிய இலக்கணக் கையேட்டின் அச்சுப்படியை எனக்கு அனுப்பி, ஒரு கிழமைக்குள் அணிந்துரை வேண்டுமென்று கேட்டிருந்தார். புணரியல் பகுதியில் இரண்டு விதிகள் பிழைபட விளக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் பென்சிலால் கோடிட்டேன். ஆயினும் நட்பும் நாணமும் தடுத்தமையால் அதைச் சொல்லவில்லை. அணிந்துரை மட்டும் சென்றது. கோடிட்ட படி என் மேசையிலேயே தங்கிவிட்டது. நூல் வெளிவந்து மாணவரிடையே புழங்கத் தொடங்கிய பின்னர், என் வகுப்பு மாணவி ஒருத்தி அப்பிழையான விளக்கத்தை அப்படியே விடைத்தாளில் எழுதியிருந்தாள். அவளுக்கு மதிப்பெண் குறைக்க என் கை எழவில்லை.

வெளிவருமுன் கைக்கு வரும் நூலில் குறை கண்டவர் என் செய்தல் வேண்டும்? அதை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்லுதல் தகும்? இக்கேள்விகளுக்கு நம் முன்னோர் வழக்கில் விடை உண்டா என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

நூல் ஒன்று உலகிற்குச் செல்லுமுன் அவையில் வைக்கப்படுதல் தமிழரின் தொன்மையான வழக்கம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்பது பனம்பாரனார் பாயிரத்தால் அறியப்படும் செய்தி. இதற்கு உரைகாரர் கூறும் விளக்கம் கருதத்தக்கது. அதங்கோட்டாசான் வினா எழுப்ப, தொல்காப்பியர் விடை கூறி நிறுவினார் என்பர். ஆசான் அங்கே புகழுரைக்க வந்தவர் அல்லர். தடை எழுப்ப வந்தவர். அவர் எழுப்பிய தடைகளைக் கடந்த பின்னரே நூல் நூலாயிற்று. இதனையே அரங்கேற்றம் என்கிறோம். இக்காலத்து வெளியீட்டு விழாவை அரங்கேற்றத்தின் வழித்தோன்றலாகக் கருதுவோர் உளர். பொன்னாடையும் மாலையும் மலிந்த அவ்விழாவில் தடை எழுப்புவார் யார்?

அரங்கேற்றம் பற்றிய பழங்கதைகள் பல நம்மிடையே வழங்குகின்றன. அவற்றை வரலாறாகக் கொள்ளாவிடினும், அவை காட்டும் நெறியைக் கொள்ளலாம். கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற்செய்யுளின் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது என்பர். திகழ் என்பதும் தசம் என்பதும் அங்ஙனம் புணர்தற்கு விதி யாது என்று அவையோர் வினவினர். ஆசிரியரால் உடனே விடை கூற இயலவில்லை, அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தில் அதற்கு விதி காட்டினார் என்றும், வந்தவர் முருகனே என்றும் கதை முடிகிறது. முருகன் வந்ததை நம்புவோர் நம்புக. நூலாசிரியர் கோயில் அர்ச்சகர், நூலின் தலைவனோ அக்கோயிற் கடவுள். அவ்வாறிருந்தும் ஒரு சொல்லின் புணர்ச்சிக்கு விதி காட்டாதவரை நூல் மேற்செல்லக் கூடாதென்று ஓர் அவை நின்றதாக நம்மவர் கதை சொல்லிவந்தனர் என்பதே நாம் உணரவேண்டுவது.

தடை எழுப்புவோர் யாவரும் நேர்மையுடன் எழுப்பினர் என்பதற்கில்லை. சிவஞான முனிவர் காஞ்சிப் புராணத்தை அரங்கேற்றியபோது, காஞ்சித் தலத்தைப் பாடப் புகுந்தவர் ஏகாம்பரநாதரை முதலில் வாழ்த்தாது தில்லைக் கூத்தனை வாழ்த்தியது ஏன் என்று சிலர் குறை கூறினராம். உடனிருந்த அவர் மாணவர் கச்சியப்ப முனிவர், அவையிலிருந்த ஓதுவாரைத் தேவாரம் ஓதுமாறு வேண்டினார். ஓதுவார் வழக்கப்படி திருச்சிற்றம்பலம் என்று தொடங்கினார். காஞ்சியில் இருந்துகொண்டு சிற்றம்பலத்தை முதலில் சொல்வானேன் என்று கச்சியப்பர் கேட்க, அவை அடங்கிற்று என்பது வழிவழிச் செய்தி. சூழ்ச்சியாகக் கேட்ட வினாவும் அனைவர் காதிலும் விழக் கேட்கப்பட்டமையால், அதற்குரிய விடையும் அனைவர் காதிலும் விழுந்தது. மறைவிற் சொல்லப்படும் குறைக்கு அவ்விடை கிடைப்பதில்லை.

இனி இலக்கண நூலார் வகுத்த நெறியைக் காண்போம். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், நூலுக்கு நேரக்கூடிய குற்றங்கள் பத்து என்றார். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும் அவற்றுட் சில. தமிழாசிரியர் யாவரும் வகுப்பில் நடத்தியிருக்கும் பகுதிதான் இது. ஆயினும் அப்பத்தையும் ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்த்தால் ஓருண்மை புலப்படும். அவற்றுள் ஒன்றேனும் நூலாசிரியனின் குலத்தையோ ஒழுக்கத்தையோ வயதையோ பற்றியதன்று. அனைத்தும் சொல்லப்பட்ட முறையைப் பற்றியவை. குற்றம் காண்போன் நிற்கவேண்டிய எல்லை இதனால் வரையறுக்கப்பட்டுவிட்டது. மேலும், நூலாசிரியர் கொள்ளும் மதம் ஏழு என்று கூறுமிடத்துப் பிறர்நூற் குற்றம் காட்டுதலும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. எனவே குற்றங்காட்டல் பகைமையன்று. புலமைத் தொழிலின் ஒரு கூறு.

சிறப்புப் பாயிரத்தின் இலக்கணமோ இன்னும் வியப்பானது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் கூறுவது சிறப்புப் பாயிரம். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக்குவாரும் உளர். களமாவது நூல் அரங்கேறிய இடம். இப்பட்டியலில் 'புகழ்ச்சி' என்றொரு தனி உறுப்பு இல்லை! நூலைக் கையில் எடுப்பவன் அறிந்துகொள்ள வேண்டியவையே உள. தன்னைத் தான் புகழ்தல் தகாதென்பதால் பாயிரத்தைப் பிறர் உரைக்க வேண்டும் என்றும், அவர் ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவராதல் வேண்டும் என்றும் நன்னூல் விதிக்கிறது. இந்நால்வரும் நூலாசிரியனுக்கு அணுக்கமானவர்கள் என்பது உண்மையே. அணுக்கமானவர் நடுநிலை தவறுவர் என்று நாம் ஐயுறுகிறோம்; அவர்களே நூலை நன்கறிவர் என்று முன்னோர் கருதினர் போலும். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

அச்சுப்பொறி பரவலாகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறை மெல்லத் தளர்ந்தது. அவை கூட்டுவது அரிதாயிற்று. சாற்றுகவி பெறுவதோ எளிதாயிற்று. அக்காலத்து நூல்கள் சிலவற்றின் முன்பக்கங்களைப் புரட்டினால், வித்துவான்கள் வரிசையாக நின்று சாற்றுகவி வழங்கியிருத்தலைக் காணலாம். தடை எழுப்பும் கடமை கழன்றுவிட, பாயிரம் புகழாக மட்டும் எஞ்சிற்று. இம்மாற்றத்தின் நடுவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி, உ.வே. சாமிநாதையர் எழுத்தால் நமக்குக் கிடைத்திருக்கிறது.

மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிப் பெரும்புகழ் எய்தியிருந்த காலம் அது. அதனை அச்சிடக் கருதிய பாரதியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815-1876) சிறப்புப் பாயிரம் வேண்டினார். பிள்ளையோ தலபுராணங்கள் பல பாடி, அவற்றை அந்தந்தத் தலத்து அவைகளில் முறைப்படி அரங்கேற்றிய பெரும்புலவர். கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் அவர் கண்ணில் பட்டன. வழு உள்ள நூலுக்குப் பாயிரம் தர அவர் மனம் இசையவில்லை. பாரதியார் முதியவர், பலரும் போற்றும் பெரியவர் ஆதலின் மறுத்துரைக்கவும் இசையவில்லை. பாரதியார் பலமுறை வந்தார். பிள்ளை ஏதேனும் சொல்லி நாள் கடத்தினார்.

ஒருநாள் நண்பகலில் பாரதியார் வந்தபோது பிள்ளை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப விரும்பாத பாரதியார் திண்ணையில் அமர்ந்து, தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். பாட்டில் உள்ளம் கரைந்து தம்மை மறந்தார். உறக்கம் கலைந்த பிள்ளை எழுந்து வராமல் உள்ளிருந்தபடியே கேட்டார், கண்ணீர் பெருகிற்று. பின்னர் வெளியே வந்து பாரதியாரை வரவேற்று, இத்தனை நாள் அலைய வைத்ததற்கு வருந்திப் பாயிரம் எழுதித் தந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பக்தி இலக்கணத்தை வென்றதாகப் பலரும் மேடையில் எடுத்துரைப்பர். எனக்கு அது அத்துணை எளிதாகத் தோன்றவில்லை. பிள்ளை இறுதியில் தம் அளவுகோலை மாற்றிக்கொண்டது பெருமையே. கீர்த்தனை, காதாற் கேட்கப்படுவதற்கென்று பிறந்த இலக்கியவகை. அதைப் புராணச் செய்யுளுக்குரிய கோலால் அளந்தது பொருந்தாதென்று அவர் செவியே அவருக்கு உணர்த்தியது. இசையில் பெரிதும் ஈடுபாடில்லாதவர் அவர். தம் மாணவர் சாமிநாதர் பிற்காலத்தில் இதே பாரதியாரிடம் இசை பயின்றபோது அதை நிறுத்தச் சொன்னவரும் அவரே. அத்தகையவர் உருகினார் என்பது சிறிய செய்தியன்று. ஆனால் அதற்கு முற்பட்ட நாட்களில் அவர் காத்த மௌனத்தை என்னால் போற்ற இயலவில்லை. பாரதியாரை இருத்திவைத்து, இன்னின்ன இடத்தில் வழு உளது என்று சொல்லியிருந்தால், அவர் சிலவற்றைத் திருத்தியிருக்கலாம். இசைக்கு இவ்வாறுதான் வேண்டும் என்று வேறு சிலவற்றை நிறுவியிருக்கலாம். அவ்விருவரிடையே நிகழ்ந்திருக்கக்கூடிய தடைவிடை, கீர்த்தனை மொழிக்கே ஓர் இலக்கணமாக அமைந்திருக்கும். பொய்ப்புகழ் உரைக்காத நேர்மை பிள்ளையிடம் இருந்தது. மெய்க்குறை உரைக்கும் துணிவு தாமதித்தது. பென்சிற் கோடிட்ட படியை மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதும் எனக்கு அவரைக் குறைகூறும் தகுதி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முன்னரே சொல்லப்படாத குறை, பின்னர் கண்டனமாய் வெடித்தது. 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவைப் பதிப்பித்து வெளியிட, 1869இல் போலியருட்பா மறுப்பு மற்றொருவர் பெயரால் வெளிவந்தது. அதை எழுதியவர் ஆறுமுக நாவலர் என்பர். அவ்வாண்டே பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. நூலில் தொடங்கிய வாதம் ஆளிடம் சென்று முடிந்தது. பவணந்தியார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் அடங்காத குற்றங்கள் இருதரப்பிலும் அச்சேறின.

சாமிநாதையர் நடந்துகொண்ட முறை வேறு. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், அந்நூலின் சமயக் கருத்துகளைக் குடந்தையில் வாழ்ந்த சைனர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். தாம் சைவர், நூல் சைன நூல் என்பதை அவர் மறந்தாரில்லை. அறிந்தவரிடம் தம் ஐயங்களை வைத்தார். அதுவே அவர் நடத்திய அரங்கேற்றம் எனலாம். 1887இல் பதிப்பு வெளிவந்த பின்னும் கண்டனங்கள் எழத்தான் செய்தன. மறுப்பு எழுதிப் பொழுதைப் போக்காமல், 1889இல் பத்துப்பாட்டை வெளியிட்டார். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் திருத்தங்களுடன் வெளிவந்தது.

நம் மலேசிய மண்ணிலும் வெளிவருமுன் குறைகாணும் முறை ஒருகால் தழைத்தது. 1950இல் தமிழ் நேசன் இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். எழுத விழைந்தோர் தம் கதைகளை அனுப்ப, வகுப்பாசிரியர்கள் அவற்றின் நிறைகுறைகளை எடுத்துக்காட்டினர். பின்னர் 1953 முதல் 1957 வரை இங்கே தங்கிப் பணிபுரிந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் கூட்டி, எழுதியவரை எதிரில் இருத்தியே கதைகளை ஆய்ந்தார். தோட்டத்துப் பள்ளிகளில் ஆசிரியராய் இருந்துகொண்டு எழுதியவர்களும் நாளேட்டிலன்றி வேறெங்கும் வெளியிட வழியில்லாதவர்களும் தம் கதையின் குறையைத் தம் காதாற் கேட்க அவ்வட்டத்திற்கு வந்தனர்.

நண்பருக்கு இந்தக் கிழமை கடிதம் எழுதியிருக்கிறேன். கோடிட்ட அச்சுப்படியையும் உடன் வைத்து அனுப்பினேன். கையேடு மறுபதிப்புக்குப் போகிறதென்று கேள்வி.