மேலும் காயும், மிளகாயும் காயும்

கோவில்பட்டிப் பக்கத்தில் உடம்பு சுட்டால் "மேலு காயுது" என்பார்கள். மேல் என்றால் இங்கே உடம்பு. மழை பொய்த்த புஞ்சையும் காயும். களத்தில் பரப்பிய மிளகாய் வத்தலைக் கையில் எடுத்துப் பார்த்து, "இன்னும் காய்ச்சல் பத்தல" என்பார்கள். இடைசெவல் கி. ராஜநாராயணன் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதி செய்த இந்தக் கரிசலில், நிலத்துக்கும் வத்தலுக்கும் மனிதருக்கும் ஒரே வினைதான்.

வேர் ‘காய்’. எரி எரிச்சலாகவும் புகை புகைச்சலாகவும் ஆனதுபோல் காய் காய்ச்சலாயிற்று. ‘காய்ச்சு’ என்ற பிறவினையிலிருந்தும் பிரித்துக் காட்டலாம்; ஆனால் பேச்சு வழக்கில் உடம்பு காய்கிறதே தவிர, அதை யாரும் காய்ச்சுவதில்லை. முதல் பிரிப்பே சரி என்பேன். காய்ச்சலின் இன்னொரு பெயரான சுரம் வேறு வழியில் வந்தது, வடமொழி ஜ்வரத்தின் தமிழ் வடிவம். சங்கப் பாடல்களின் பாலைச் சுரத்தோடு அதற்கு உறவில்லை.

காய்தலுக்கு இன்னொரு பொருளும் உண்டு: குளிர்காய்தல், தீக்காய்தல். பின்னது திருக்குறளிலேயே இருக்கிறது. வெப்பத்தில் வாடுவதும் வெப்பத்தை நாடுவதும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். காய்ச்சல்காரரிடம் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். தொட்டால் அனலாகச் சுடும். அவரோ நடுங்கிக்கொண்டு போர்வை கேட்பார்.

காரணம் மூளையில் இருக்கிறது. கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லியூக்கின்-1 போன்ற புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. மூளை ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் அவற்றை உணர்ந்து புரோஸ்டாகிளாண்டின் ஈ2 சுரக்கின்றன. ஹைப்போதலாமஸின் முன்பகுதி நரம்பணுக்கள் அதற்கு இணங்கி, உடம்பு எட்டவேண்டிய வெப்பத்தை 37 டிகிரியிலிருந்து 39க்கு ஏற்றிவிட்டால், 37இல் இருக்கும் உடம்புக்கே குளிரெடுக்கும். 2022இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தரின் டூலாக் குழு, சுண்டெலிகளில் இந்தப் பகுதியிலேயே ஒரு நரம்பணுக் கூட்டத்தை இனங்கண்டது. அவற்றைத் தூண்டினால் உடல் வெப்பம் ஏறுகிறது, பசி குறைகிறது, எலி கதகதப்பான இடம் தேடிப் போகிறது. எலியும் குளிர்காய்கிறது!

இன்டர்லியூக்கின்-1 புரதத்தின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. உடம்பே உண்டாக்கும் ‘பைரஜன்’, அதாவது நெருப்பாக்கி, என்றுதான் முதலில் அழைத்தார்கள். 1979இல் சுவிட்சர்லாந்தில் கூடிய ஆய்வாளர்கள் ‘இன்டர்லியூக்கின்’ என்று மாற்றினார்கள்: வெள்ளையணுக்களுக்கு இடையே செல்வது. மூளைவரை எட்டும் அதன் வேலை இந்தப் பெயரில் இடம்பெறவில்லை. காய்ச்சலுக்குச் சொந்தமான பெயர் பைரஜன்தான்.