'கேஷ்' பென்னியின் கடன் அட்டை

ஜே.சி. பென்னி. அமெரிக்காவின் பிரபலமான துணிக்கடைகளில் ஒன்று. நடுவில் இருக்கும் அந்த 'சி' எதைக் குறிக்கிறது தெரியுமா? 'கேஷ்'! அதாவது, ரொக்கம்! வியாபாரத்துக்காக வைத்துக்கொண்ட பட்டப்பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். 1875-ல் மிஸௌரி மாநிலத்தில் பிறந்த அந்தக் குழந்தைக்கு வைத்த நிஜப் பெயரே ஜேம்ஸ் கேஷ் பென்னிதான். அப்பாவின் பெயரும் அதேதான்!

பிள்ளையும் பெயருக்கேற்றபடிதான் வளர்ந்தார். 1902-ல், வயோமிங் மாநிலத்தின் கெம்மரர் என்கிற சின்ன ஊரில், இரண்டு பங்குதாரர்களோடு ஒரு துணிக்கடையைத் திறந்தார். அது நிலக்கரிச் சுரங்க ஊர். தொழிலாளிகள் சுரங்க கம்பெனியின் கடையில் கடனுக்கு வாங்கிப் பழகியவர்கள். சம்பளம் கைக்கு வருவதற்குள் கடை நோட்டு அதை விழுங்கியிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் போய், 'இங்கே ரொக்கம் மட்டுமே' என்று ஒருத்தர் கடை போட்டால்? சீக்கிரமே மூட்டை கட்டிவிடுவார் என்றுதானே தோன்றும். ஆனால், முதல் நாள் விற்பனை 466 டாலர், 59 சென்ட்!

விஷயம் ரொம்ப சிம்பிள். கடன் கொடுக்கிற கடைக்காரர், வராத பாக்கியையும் சேர்த்துத்தான் விலை வைப்பார். ஒழுங்காகப் பணம் கொடுக்கிறவர் தலையில்தான் ஏமாற்றியவரின் பாக்கியும் விடியும். பென்னி அந்தச் சுமையை இறக்கிவைத்தார். விலை குறைந்தது. கூட்டம் வந்தது. 1920-கள் முடிவதற்குள் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள்!

நியூயார்க்கில் 1858-ல் தொடங்கிய மேஸீஸ் கடையும் இதே கொள்கையோடுதான் இருந்தது. 1939-ல் அவர்கள் தவணைத் திட்டத்துக்கு இறங்கிவந்தார்கள். பென்னி மட்டும் அசையவில்லை.

இதற்கிடையே மற்ற கடைகள் என்ன செய்தன? 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே, நம்பகமான வாடிக்கையாளர்களுக்கு நம்பர் பொறித்த உலோக வில்லைகளைக் கொடுத்துவந்தன. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு சிக்கல்... அதில் பெயர் இருக்காது. தொலைத்துவிட்டால், கண்டெடுத்தவர் உங்கள் கணக்கில் கோட்டு, சூட்டு வாங்கலாம்! 1930-களில் 'சார்ஜா பிளேட்' பரவியது. ராணுவ வீரர்கள் கழுத்தில் தொங்கவிடும் தகடு மாதிரி ஒரு சின்ன உலோகத் தகடு. பெயர், ஊர் எல்லாம் புடைப்பு எழுத்தில் இருக்கும். மெஷினில் வைத்து அழுத்தினால் பில்லில் அச்சாகிவிடும். இன்றைய கிரெடிட் கார்டின் தாத்தா இதுதான்.

1957-ல் பென்னி நிறுவனத்தின் அதிகாரி வில்லியம் பேட்டன், காலம் மாறிவிட்டதைச் சுட்டிக்காட்டி மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். போட்டிக் கடைகள் கடன் கொடுத்து வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்தன. மறு வருஷமே அவர் நிறுவனத்தின் தலைவரானார். 1958-ல் பென்னி கடைகளிலும் கடன் நுழைந்துவிட்டது! எண்பது வயதைத் தாண்டிவிட்ட பென்னியின் கையில் அப்போது அன்றாட நிர்வாகம் இல்லை. 1971-ல், 95 வயதில் அவர் இறந்தபோது, கடன் அட்டை அவர் கடைகளில் சகஜமாகியிருந்தது.

கடனே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. சம்பளத் தேதிக்கு முன்னால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை வேண்டுமென்றால், அதுதானே கைகொடுக்கும்? ஆனால், கடைக்காரர்கள் நடுவில் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். துணியில் லாபம் ஒருமுறைதான். வட்டியில் மாதாமாதம்!

1999-ல் பென்னி நிறுவனம் தன் அட்டைக் கணக்குகளை ஜி.இ. கேப்பிட்டல் நிறுவனத்துக்கு விற்றது. இன்று அமெரிக்காவின் பெரும்பாலான துணிக்கடை அட்டைகளுக்குப் பின்னால் ஏதாவதொரு வங்கிதான் இருக்கிறது. கடையின் பெயர் முகப்பில், வங்கியின் பணம் பின்னால். வருமானத்தில் கடைக்கும் பங்கு உண்டு. 2023-ம் நிதியாண்டில், மேஸீஸ் கடைக்கு அட்டைகள் மூலம் கிடைத்த வருமானம் மட்டும் சுமார் 62 கோடி டாலர்!

கவுன்டரில் நடப்பதைப் பாருங்கள். '100 டாலர் டிரெஸ்ஸா? எங்கள் கார்டு வாங்கினால் 15 சதவிகிதம் தள்ளுபடி!' என்பார்கள். சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவீர்கள். இந்த அட்டைகளில் பலவற்றின் வட்டி, வருஷத்துக்கு 30 சதவிகிதத்துக்கும் மேல். மீதி 85 டாலரைக் கட்டாமல் ஒரு வருஷம் இழுத்தடித்தால், வட்டியே 25 டாலரைத் தாண்டும். தள்ளுபடியில் வந்தது 15. வட்டியில் போனது 25. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2020 மே மாதம், பெரும் கடன் சுமையோடு பென்னி நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியது. அந்த வருஷக் கடைசியில் புது முதலாளிகள் வாங்கினார்கள். கடைகள் இன்னும் நடக்கின்றன. அட்டையும் இருக்கிறது. போர்டில் அந்த 'சி'யும் இருக்கிறது... அதன் அர்த்தம்தான் யாருக்கும் ஞாபகமில்லை!