பற்புழுவும் பல்லடைப்பும்

பல்லுக்கொதியால் ஓரிரவேனும் உறக்கமின்றித் துடித்தவர்க்கு அதன் கொடுமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வேளையிற் பாட்டிமார் கராம்பை நசுக்கிச் சூத்தைப் பல்லில் வைப்பர். புழு அரிக்கிறது என்பர். கண்டங்கத்தரி விதையின் புகையைப் பிடித்தால் அப்புழு வீழுமென்பது கைவைத்தியர் துணிபு. இப்புழுவின் சரித்திரம் மிகப் பழையது. எமக்கு மட்டும் உரியதுமன்று.

பாபிலோனியர் பற்புழுவை ஓட்டும் மந்திரத்தைக் களிமண் ஏட்டிற் பொறித்தனர். ஐரோப்பியரும் நெடுங்காலம் அப்புழுவை நம்பினர். எனினும், காரணம் அறியாத காலத்திலேயே குழியை அடைக்கும் முயற்சி தொடங்கிவிட்டது போலும். சிலோவேனியாவிற் கிடைத்த, ஏறக்குறைய 6500 ஆண்டுப் பழமையுள்ள தாடையெலும்பில், வெடித்த பல்லொன்றின்மேல் தேன்மெழுகு அப்பியிருத்தலை ஆராய்ச்சியாளர் 2012 இல் அறிவித்தனர். உயிரோடிருந்தபோதே அஃது இடப்பட்டதாயின், மிகப் பழைய பல்லடைப்புக்களுள் அதுவும் ஒன்றாகும்.

பிரான்சு தேசத்துப் பியர் போஷார் 1728 இல் பல் வைத்தியம் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். நுணுக்குக்காட்டியால் நோக்கியும் புழுவைத் தாம் காணவில்லை என்றார். சீனி பல்லுக்குப் பகையென எச்சரித்தார். சூத்தையைச் சுரண்டி நீக்கியபின் ஈயம், வெள்ளீயம், பொன் ஆகியவற்றின் மென்றகட்டால் குழியை அடைத்தார்.

பொன் செல்வர்க்கே எட்டும். 1833 இல் குரோக்கூர் சகோதரர் அமெரிக்காவிற் புகுத்திய வெள்ளி இரசக்கலவையோ மலிவானது. ஆனால், அவர்கள் சூத்தையைச் சரிவர நீக்காமலே அடைத்தனர். அங்கே 1840 இல் தோன்றிய பல் வைத்தியர் சங்கம், இரசக்கலவையைத் தொடோமென்று உறுதிமொழி தருமாறு தன் அங்கத்தவரை வற்புறுத்தியது. பிணக்கு முற்றி, 1856 இல் சங்கமே கலைந்தது. பின்னர் 1890களில் பிளாக் என்பார் உலோகங்களின் விகிதத்தைப் பொறுமையோடு பரிசோதித்து, அக்கலவையைச் சீர்செய்தார். வாதம் தீர்க்காததைப் பரிசோதனை தீர்த்தது.

புழுவின் கதையை முடித்தவர் பேர்லினில் ஆராய்ந்த மில்லர். உமிழ்நீரும் பாணும் சேர்ந்த கலவையிற் பல்லை இட்டுவைத்தபோது அது கரைவதைக் கண்டார். வாயிலுள்ள கிருமிகள் மாவையும் சீனியையும் புளிக்கச்செய்து அமிலமாக்க, அவ்வமிலம் பல்லின் வன்மையான மேலுறையைக் கரைக்கிறது என 1890 இல் வெளியான நூலில் விளக்கினார். அழிவு நரம்பை அணுகும்போதே கொதி எழுகிறது.

இன்றும் பல் வைத்தியர் சிதைந்த பகுதியை நீக்கித் துப்புரவாக்கியே குழியை அடைக்கின்றனர். இரசத்தாற் சுற்றாடலுக்கு நேரும் கேட்டையெண்ணி, ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் இரசக்கலவையைப் பெரும்பாலும் விலக்கியது. பல்நிறப் பிசின் அடைப்புக்கள் பரவியுள்ளன. பாட்டிமாரின் கராம்பும் தள்ளுண்டுவிடவில்லை. அதன் எண்ணெயைத் துத்தநாக ஒட்சைட்டோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக இடுவதுண்டு.

ஆயினும், அடைப்பு குழியைத்தான் மூடும். நோயின் காரணத்தை மூடாது. இனிப்பை ஓயாது உண்போர்க்கு அடைத்த பல்லின் அருகிலேயே மறுபடியும் சூத்தை விழும். ஆலங்குச்சியாலும் வேப்பங்குச்சியாலும் நாள்தோறும் பல் துலக்கிய எம் முன்னோர், காரணம் அறியாதிருந்தும் கடமையை அறிந்திருந்தனர். காரணமும் அறிந்த இளைஞராகிய நாம் கடமையை மறத்தல் தகுமோ?