அடுக்குப் போன்மம்

அடுக்குப் போன்மம் என்பது, ஒரு கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளின் உள்ளே, மற்றொரு கணினியையோ நிகழ்பட விளையாட்டுக் கருவியையோ போல நடந்துகொள்ளும் வேறொரு மென்பொருளை இயக்குவதாகும். எமுலேட்டர் எனப்படும் இவ்வகை மென்பொருள் தமிழில் போன்மி என்று வழங்கப்படுகிறது. 1997-இல் டாஸ் இயங்குதளத்துக்காக வெளிவந்த நெஸ்டிக்கிள் என்னும் நிண்டெண்டோ போன்மியை இன்றைய கணினியில் டாஸ்பாக்சு என்னும் போன்மிக்குள் இயக்குவது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. உள்ளிருக்கும் போன்மியைப் புதுப்பிக்க எவரும் இல்லாதபோது, வெளியிலுள்ளதைப் புதுப்பித்தாலே போதுமானது என்பதே இம்முறையின் முதன்மைப் பயன்.

கோட்பாடும் வேகமும்

தக்க விளக்கம் தரப்பட்டால் வேறு எந்தக் கணிப்பொறியின் செயலையும் செய்யவல்ல பொதுப்பொறி ஒன்றை ஆலன் டூரிங் 1936-இல் விவரித்தார். அப்பொறி இன்னொரு பொதுப்பொறியையும் பாவனை செய்யக்கூடும். எனவே அடுக்குகளின் எண்ணிக்கைக்குக் கோட்பாட்டளவில் எல்லை இல்லை. நினைவகமும் நேரமுமே எல்லை. உள்ளிருக்கும் ஒரு கட்டளைக்கு வெளியே 20 கட்டளைகள் தேவை எனக் கொண்டால், இரண்டாம் அடுக்கில் அது 400 ஆகிவிடும். கட்டளைகளைத் தொகுதியாக மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும் உத்தி இச்சுமையைப் பெரிதும் குறைக்கிறது.

கேம் பாய் அட்வான்சு கருவியில் நிண்டெண்டோ விளையாட்டுகளை இயக்கும் பாக்கெட்நெஸ் இந்த நெருக்கடியை நன்கு காட்டுகிறது. கருவியின் செயலி 16.78 மெகாஹெர்ட்சு வேகமுடையது. பாவனை செய்யப்படும் செயலி 1.79 மெகாஹெர்ட்சு. அதாவது பழைய செயலியின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறத்தாழ ஒன்பது துடிப்புகளே கிடைக்கின்றன. ஆயினும் பாக்கெட்நெஸ் இயங்கியது. அதையே கணினியிலுள்ள கேம் பாய் அட்வான்சு போன்மி ஒன்றில் ஏற்றினால் அடுக்கு இரண்டாகிறது.

வரலாறு

ஐபிஎம் நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுள் சில, வாடிக்கையாளரின் பழைய 1401 நிரல்களையும் இயக்கவல்லவையாக இருந்தன. எமுலேட்டர் என்னும் சொல்லும் அந்நிறுவனத்திலேயே தோன்றியது. பின்னர் வந்த விஎம்/370 தன்னுள் தன்னையே இயக்கவும் இடமளித்தது. இது போன்மம் அன்று, மெய்நிகராக்கம்; எனினும் அடுக்கு என்னும் கருத்து இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஆப்பிள் 1994 முதல் பவர்பிசி கணினிகளில் பழைய 68000 வகைச் செயலிக்கான போன்மியைச் சேர்த்தது. பின்னாளில் மேக் ஓஎஸ் எக்சின் கிளாசிக் சூழலுக்குள்ளும் அப்போன்மி தொடர்ந்தது. 2006-இல் வந்த இன்டெல் மேக்குகளின் ரொசெட்டா, கிளாசிக் சூழலை ஆதரிக்கவில்லை. ஓர் அடுக்கு அறுந்ததும் அதனுள் இருந்த நிரல்கள் யாவும் நின்றுபோயின.

2016-இல் இணைய ஆவணகம் விண்டோசு 3.1 நிரல்களை உலாவியிலேயே இயக்க வகைசெய்தது. அங்கே உலாவிக்குள் டாஸ்பாக்சும், அதற்குள் விண்டோசும் இயங்குகின்றன.

காஞ்சிபுரத்துத் தறியும் துளை அட்டையும்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் கரையிலும் முந்தானையிலும் உள்ள உருக்கள் முன்பு அடை முறையில் நெய்யப்பட்டன. எந்தப் பாவு நூல்கள் உயர வேண்டும் என்பது தறியில் நூல்களைக் கட்டியே குறிக்கப்பட்டது. அவற்றை உயர்த்த உடன் ஓர் ஆள் தேவைப்பட்டார். பிரான்சில் ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய எந்திரம் வந்தபின் இவ்வேலையைத் துளையிட்ட அட்டைகள் ஏற்றன. துளை இருந்தால் கொக்கி உயரும், இல்லையேல் உயராது. ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை என்பதால், பெரிய முந்தானைக்கு அட்டைகள் கோவையாகத் தறியின் மேல் தொங்கும்.

மின்னணு ஜக்கார்டில் அட்டை இல்லை. கணினிக் கோப்பைப் படித்து மின்காந்தங்கள் அதே கொக்கிகளை ஆள்கின்றன. கீழே நெய்பவரின் வேலை மாறுவதில்லை. அட்டையின் இடத்தில் அட்டையைப் போன்ற ஒன்று அமர்ந்திருக்கிறது. பழைய அட்டைக் கோவைகளைப் படம் பிடித்துக் கோப்பாக்கினால், அவற்றைக் கோத்தவர் இல்லாத காலத்திலும் அவ்வுரு நெய்யப்படலாம்.

இவ்வட்டைகளே சார்லசு பாபேசின் பகுப்பாய்வுப் பொறிக்கும் வழிகாட்டின. 1830களில் திட்டமிடப்பட்ட அப்பொறி முழுமையாகக் கட்டப்படவில்லை. ஆனால் அதற்கான போன்மி ஜாவா மொழியில் எழுதப்பட்டுள்ளது. ஜாவா நிரல் ஒரு மெய்நிகர்ப் பொறியின் மீது இயங்குவதால், இருந்திராத ஒரு கணினி, இல்லாத மற்றொரு கணினிக்குள் ஓடுகிறது.

தமிழ்நாட்டில்

தமிழகக் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் பயன்பட்ட டர்போ சி++ 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. 64-பிட் விண்டோசு 16-பிட் நிரல்களை ஏற்பதில்லை. ஆகவே அது டாஸ்பாக்சுடன் பொதிந்து வழங்கப்பட்டது. 1998-இன் சி++ தரத்துக்கு முந்தைய அம்மொழியில் முழுவெண் 32767-க்கு மேல் செல்லாது. அதற்கு மேல் கூட்டினால் எதிர்மறை எண் வரும். பிழை எங்கே என்று மாணவர் தம் நிரலில் தேடுவார். உண்மையில் அது அவர் அறியாமல் அமர்ந்திருக்கும் பழைய கணினியின் இயல்பு. 8085 நுண்செயலியைப் பாவனை செய்யும் டாஸ் நிரலை அதே டாஸ்பாக்சில் திறந்தால் அது முழுமையான அடுக்குப் போன்மம் ஆகும்.

தமிழ் ஆவணங்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. ஒருங்குறிக்கு முன் ஆதமி, முரசு போன்ற தமிழ் மென்பொருள்கள் 1980களில் தோன்றின. பொதுக் குறியேற்றம் இல்லாத அக்காலத்தில் எழுத்துகளின் குறியீடுகள் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபட்டன. சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் குறியேற்றங்கள் ஏற்கப்பட்டன. அதற்கு முந்தைய கோப்பு ஒன்றின் குறியீட்டு அட்டவணை தெரியாதபோது, அதை எழுதிய மென்பொருளை இயக்கித் திரையில் காண்பதே உறுதியான வழி. திரையில் தெரியும் எழுத்தையும் கோப்பிலுள்ள எண்ணையும் ஒப்பிட்டால் அட்டவணையை மீட்கலாம். அதன்பின் ஒருங்குறிக்கு மாற்றுவது எளிது. டாஸ்பாக்சின் 0.74 பதிப்பில் அச்சிடும் வசதி இல்லை. அதன் கிளையான டாஸ்பாக்சு-எக்சில் உண்டு.

இவை அனைத்துக்கும் முன் நெகிழ்வட்டின் உள்ளடக்கம் முழுமையாகப் படியெடுக்கப்பட வேண்டும். காந்தப் பூச்சு நாளடைவில் வலுவிழப்பதால், படிக்க முடியாத வட்டுக்கு எத்தனை அடுக்கு போன்மிகளும் உதவா.