மாதிரித் தாளில் இடம்பெறாதோர்: இலங்கையின் உயிரியற் கள ஆய்வு வரலாறு பற்றி ஒரு நோக்கு

இலங்கையின் தாவரங்களையும் விலங்குகளையும் கணக்கெடுத்த வரலாறு பெரும்பாலும் நூலாசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கெலாட் 1852இல் விலங்குகள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். துவெயிற்ஸ் 1858க்கும் 1864க்கும் இடையில் தாவரப் பட்டியலைத் தந்தார். லெக் 1880இல் பறவைகளின் வரலாற்றை நிறைவு செய்தார். ட்ரைமனின் பெருநூல் 1893இல் வெளிவரத் தொடங்கியது. 1896இல் அவர் மறைந்த பின்னர் எஞ்சிய பகுதிகளை ஹூக்கர் முடித்துவைத்தார். இவர்களது புலமை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் ஓர் அரிய இனம் முதலில் எவர் கண்ணிற் பட்டது, அதனைத் தேடிக் காட்டுக்குள் நடந்தவர் யார் என்று வினவுமிடத்து இப்பெயர் வரிசை நமக்கு அதிகம் உதவுவதில்லை.

இவ்வகையிற் பருத்தித்துறையோடு தொடர்புடைய ஒரு செய்தி கருதத்தக்கது. 1846இல் இலங்கைக்கு வந்து அரச சேவையிற் கடமையாற்றிய எட்கார் லேயார்ட், ஓய்வு நேரங்களிற் பறவைகளைச் சேகரித்து, இலங்கைப் பறவைகள் பற்றிய தமது குறிப்புகளை 1853, 1854ஆம் ஆண்டுகளில் இலண்டன் ஏடொன்றில் வெளியிட்டார். அக்குறிப்புகளிற் கபில நிற மார்புடைய ஈப்பிடிப்பான் ஒன்றைப் புதிய இனமாக விபரித்து, அதற்குத் தம் பணியாளரான முத்துவின் பெயரைச் சூட்டினார். தமது சிறந்த பறவைகளிற் பல, முத்துவின் பொறுமையாலும் வேட்டைத் திறனாலுமே கிடைத்தன என்பதை அவர் ஒளிக்கவில்லை. இப்பறவையையும் ஒரு யூன் மாதக் காலையிற் பருத்தித்துறையில் முத்துவே கொணர்ந்து கொடுத்ததாக அவர் குறிப்பிடுகின்றார். மஸ்சிக்காப்பா முத்துயி என்ற அப்பெயர் இன்றும் வழக்கிலுள்ளது. கல்கத்தாவிலிருந்த பிளைத், 1849இல் இலங்கைக் கிளியொன்றுக்கு லேயார்டின் மனைவியினது பிறந்த குடும்பப் பெயரை இட்டதை இங்கு ஒப்புநோக்கலாம். நண்பர்களும் ஆளுநர்களும் துணைவியரும் இடம்பெறும் விலங்கியற் பெயர்ப் பட்டியலில் ஒரு பணியாளரின் பெயர் ஏறியமை அக்காலத்தில் அரிதான நிகழ்ச்சியே. லேயார்டின் பெருந்தன்மையை நாம் குறைத்து மதிக்க வேண்டியதில்லை.

ஆனால் அப்பெருந்தன்மைக்கும் ஓர் எல்லை இருந்தது. முத்துவின் பெயர் பதிவானது. அவரது அறிவு பதிவாகவில்லை. இதனை உணர்ச்சிவயப்பட்ட ஒரு முறைப்பாடாக மட்டும் கொள்ளலாகாது. இந்த ஈப்பிடிப்பான் வடகிழக்கு இந்தியா, மியன்மார், தென்சீனம் ஆகிய பகுதிகளில் இனம்பெருக்கிக் குளிர்காலத்தில் மட்டுமே இலங்கைக்கு வருவது. அவ்வாறாயின் யூன் மாதத்திற் பருத்தித்துறையில் அது எவ்வாறு அகப்பட்டது? வழிதவறித் தங்கிய தனிப் பறவையா, மாதத்தைக் குறித்தவரின் நினைவுப் பிசகா? எந்த மரத்திற் பிடிபட்டது, முன்பும் அவ்வாறு கண்டதுண்டா என்பவற்றுக்குச் சாட்சி கூறக்கூடியவர் ஒருவரே. அவரிடம் கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் அன்றைய ஆய்வுமுறையில் இருக்கவில்லை. எசமானுக்கும் ஏவலாளுக்கும் இடையிலான உறவு விஞ்ஞானத்தின் தரவையே ஊனமாக்கியது.

தாவரவியலில் இக்குறைபாடு ஒரு முறைமையாகவே நிலைபெற்றது. 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவை நிருவகித்த துவெயிற்ஸ், தமது உலர்தாவர மாதிரிகளுக்கு இனத்துக்கு ஓர் எண் என்ற வகையில் இலக்கமிட்டார். வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கைகள் பறித்தவை ஒரே எண்ணின் கீழ் வந்தன; அவருக்கு முன்பிருந்த கார்ட்னரின் சேகரிப்புகளும் அவற்றுட் கலந்தன. ஐரோப்பிய நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட படிகள் பலவற்றில் அந்த எண்ணைத் தவிர வேறு விபரம் இல்லை. பறித்தவர் பெயரோடு பறித்த இடமும் காலமும் மறைந்தன. அரிய தாவரமொன்று முன்பு எங்கெங்கு வளர்ந்தது, எங்கு அற்றுப்போயிற்று என்று அறிய முயலும் இன்றைய ஆய்வாளர் முதலில் முட்டிக்கொள்வது இந்த எண்களிலேதான். (சுதேசச் சித்திரக்காரருக்குச் சற்று மேலான நியாயம் கிடைத்தது எனலாம். பேராதனையிற் பல்லாண்டுகள் தாவரங்களை வரைந்த ஹர்மானிஸ் டி அல்விஸின் குடும்பப் பெயர் ஓர் ஓர்க்கிட் இனத்தின் பெயரில் நிலைத்துள்ளது. வரைந்தவர் பூங்காவின் உத்தியோகத்தர். பறித்தவர் பெரும்பாலும் கூலியாள்.)

இக்கணக்கெடுப்பு நிகழ்ந்த காலத்தையும் மறத்தலாகாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம் மலைநாட்டுக் காடுகளைத் தோட்டச் சொந்தக்காரருக்குத் திறந்துவிட்டது. ஒருபுறம் கோப்பிக்காகக் காடு எரிந்தது. மறுபுறம் அதே காட்டின் மரங்களுக்கு இலத்தீன் பெயர்கள் எழுதப்பட்டன. 1873இல் ஹூக்கர், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காது ஒதுக்கிவைக்குமாறு ஆலோசனை கூறினார். தாழ்நில ஈரவலயக் காடுகளுக்கு அத்தகைய எல்லைக்கோடு எதுவும் வாய்க்கவில்லை. 1970களிற் சிங்கராசக் காட்டில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கொண்டு மரம் தறிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்து, அத்தசாப்தத்தின் பிற்கூற்றில் அது நிறுத்தப்பட்டது.

அக்காடு எத்துணை குறைவாக அறியப்பட்டிருந்தது என்பதற்குச் சிறு ஆந்தையொன்று சான்று. அதன் குரலைத் தீபால் வாரகாகொட கித்துல்கலைப் பகுதியில் 1995இற் கேட்டார். பறவையைச் சிங்கராசவில் 2001இலேயே கண்டார். 2004இல் அது புதிய இனமாக விபரிக்கப்பட்டது. ஒரு குரலுக்கு உடலைத் தேடிச் சென்ற ஆறு ஆண்டுகள் இவை. வன இலாகா 1991 முதல் 1996 வரை நடத்திய தேசியப் பாதுகாப்பு மீளாய்வு, 200க்கும் மேற்பட்ட காடுகளை நேரிற் சென்று ஆராய்ந்தது. எந்தக் காட்டில் எந்த இனம் என்பதை முறையாகப் பதிந்தமையே அதன் பெறுமதி. துவெயிற்ஸின் எண்கள் விட்டுச்சென்ற இடைவெளியும் இதுவே.

ஆயினும் பட்டியலிலுள்ள காடுகளுக்கு வெளியேயும் அரியவை உண்டு. துவெயிற்ஸ் காலத்தில் அறியப்பட்ட குறூடியா சைலானிக்கா என்ற அவரைக் குடும்ப மரம், 2012ஆம் ஆண்டின் தேசிய செம்பட்டியலில் அற்றுப்போனதாகக் குறிக்கப்பட்டது. 2019இல் அம்மரமொன்று அடையாளங் காணப்பட்டது. 2021இன் தொடக்கத்தில் அதிவேகப் பாதைக்காக அதனை வெட்ட முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்து நாடெங்கும் பேசப்பட்டது. அது நின்ற இடம் எவரும் புகாத அடர்காடன்று. சனநெருக்கம் மிக்க கம்பஹா மாவட்டம்.